உள்ளங்கால்

"என்னை மனநல டாக்டர்கிட்ட கூட்டினு போங்க," என்றாள் நர்மதா.

சோற்றுத் தட்டின் மேலேயே கணவன் அன்புசெல்வனின் கை நின்றது. கல்யாணமாகி வந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று மாமியார் ஈஸ்வரி வாய்ப்பூட்டுப் போட்டிருந்த வார்த்தை அது.

"இன்னாடி பேசற? டிகிரி படிச்ச பேச்சா இது? நாளைக்கு பைத்தியக்காரி பொண்ணுன்னு சொன்னா நம்ம பூமிகாவ எவன் கட்டுவான்?"

"அவளுக்கு அஞ்சு வயசு அத்தை. மொதல்ல எங்கிட்டருந்து தப்பிக்கட்டும். அப்பறம் கட்டிக் குடுங்க."

"தூக்கமில்லடி உனக்கு, வேற ஒண்ணுமில்ல," என்றான் அன்புசெல்வன். "நானும் நைட் ஷிப்ட் முடிச்சுக்கினு வந்துருக்கேன். ஆள வுடு."

பூமிகா ஏழாம் மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் திடீர் திடீரென்று மூச்சு நின்றுபோகும். 'உள்ளங்காலைச் சுண்டி விடும்மா, திரும்ப இழுத்துக்கும்' என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். நர்மதா சுண்டினாள். பழைய புடவைத் துணியில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் சுண்டினாள். பிள்ளை தேறி, இன்று ஸ்கூல் வேனில் ஏறிப் போகிறது. நர்மதாவின் விரல் மட்டும் தேறவில்லை. போன வாரம், தூங்குகிற பிள்ளையின் காலைக் கன்றிப்போகிற வரைக்கும் சுண்டியிருக்கிறாள். யார் அடித்தது என்று டீச்சர் கேட்டாளாம்.

அன்புசெல்வன் தூங்கிய பிறகு, துவைக்க வேண்டிய துணியை எடுக்க அறைக்குள் போனாள். பகலில் அவன் தூங்குவதற்காக ஜன்னலை மூடிக் கறுப்புத் தார்ப்பாய் அடித்திருந்தது. வெளியே கும்மிடிப்பூண்டி வெயில் கம்பெனித் தகரங்களின் மேல் கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே இரும்புத்தூளும் வேர்வையும் கலந்த வாடையோடு இருட்டு அப்பிக்கிடந்தது. தெருவில் லாரி போகும்போதெல்லாம் கட்டில் சட்டம் மெல்ல அதிர்ந்து அடங்கியது. அதற்கெல்லாம் அடியில், அவன் குறட்டைக்கும் கீழே, இன்னொரு மூச்சு. நூல் மாதிரி. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில்.

அந்த மூச்சு காதில் விழுவது அவளுக்குப் புதிதில்லை. வேறொன்றுதான் அவளை அரித்தது. வீட்டையே தேய்த்துக் கழுவுகிற ஈஸ்வரியின் துடைப்பம் கட்டிலின் கால்மாட்டு மூலைக்கு வந்ததும் திரும்பிவிடும். பிள்ளையைக் கட்டி வந்த அந்தப் பழைய புடவைத் துணி அங்கேதான் மடித்தபடி கிடந்தது. தூக்கிப் போட ஈஸ்வரி விட்டதில்லை. அன்புசெல்வனும் அந்தப் பக்கம் காலை நீட்டிப் படுத்ததில்லை.

இவர்களுக்கும் கேட்கிறதா?

மூச்சு நின்றது.

காத்திருந்தாள். வரவில்லை. மண்டியிட்டாள். கையை நீட்டினாள். துணி சூடாக இருந்தது. மடிப்புக்குள் ஒரு கால். அவள் கட்டைவிரல் அளவு.

சுண்டினாள்.

இழுத்துக்கொண்டது.

குறட்டை எப்போதோ நின்றுபோயிருந்தது. "சுண்டிட்டியா?" என்றது இருட்டில் அன்புசெல்வனின் குரல். "சரி, போ." புரண்டு படுத்தான்.

அப்போதுதான் உறைத்தது. அவள் குணமாகிவிட்டால் இதை யார் சுண்டுவது? அதனால்தான் டாக்டர் வேண்டாமா?

துணியை வாரி நெஞ்சோடு இறுக்கிக் கட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"வேன் வந்தா பூமிகாவ எறக்கிக்குங்க அத்தை. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன்."

ஈஸ்வரி தடுக்கவில்லை. மருமகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சில் இருந்த துணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

"அதோட தலைய மூடிக்கோடி. வெளியில தூசி."

நர்மதா படி இறங்கினாள். வெயில். லாரிகள். ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு.

நெஞ்சில் கட்டிய துணிக்குள் மூச்சு நின்றது.

விரல் துடித்தது. அதை மடக்கி முஷ்டிக்குள் அடைத்துக்கொண்டாள். இனிமேல் சுண்டுவதில்லை. நடந்தாள்.

துணிக்குள்ளிருந்து, மிகச் சின்னதாக ஒரு விரல் அவள் நெஞ்சைச் சுண்டியது.