ரிலே மாறிய வெள்ளிக்கிழமை!

போன் அலறியது.

வசந்த் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"வசந்து...! வண்டி நின்னுடுச்சுடா...!"

கவுஸ் பாஷாவின் குரல். ஆம்பூரில் ஷூ கம்பெனி நடத்தும் கூட்டாளிகள் இருவரில் ஒருவர்.



"மறுபடியுமா பாய்? சாவிய ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு..."

"என் வண்டி இல்லடா! தௌசீப் வண்டி!"

"தௌசீப் பாய் வண்டியா? அதுல ஹாரன் மட்டும்தானே மக்கர்..."

"ஹைவேஸ்ல ஓடிக்கினு இருக்கும்போதே அணைஞ்சுடுச்சு! பின்னாடி வந்த கன்டெய்னர் லாரி... யா அல்லா... ஆளு போய்ட்டான்டா!"

கையிலிருந்த ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது. வலி தெரியவில்லை.

கூட்டாளிகள் தௌசீப் அகமதும் கவுஸ் பாஷாவும் ஒரே நாளில் கார் எடுத்தவர்கள். ஒரே மாடல் டீசல் கார். இரண்டும் வெள்ளை.

அதில் கவுஸ் பாயின் காரை மட்டும் சில வாரமாக ஒரு பீடை பிடித்திருந்தது. நன்றாக ஓடும்... திடீரென்று அணையும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். வசந்தின் ஷெட்டுக்கு வந்தாலோ பரம சாது!

எப்போதும் இருக்கும் கோளாறு என்றால் பிடித்துவிடலாம். வந்து வந்து போகும் கோளாறை எங்கே போய்ப் பிடிப்பது?

வசந்த் வரிசையாகத்தான் பார்த்தான். பேட்டரி சரி. எர்த் கேபிள், வண்டி தோல் மண்டியின் உப்புத் தரையில் நின்று நின்று, பச்சை பூத்திருந்தது. மாற்றினான். அப்படியும் வண்டி நின்றது. கிராங்க் சென்சாரை மாற்றினான். அப்படியும் நின்றது! ஸ்கேனரில் ஒன்றும் சிக்கவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் கண்டது அவன் தைரியம்தான்.

"நல்லா பாருப்பா," என்று தௌசீப் பாயே ஒருநாள் கூட வந்து நின்று சொன்னார். "நடு ரோட்ல நின்னு, என் தோஸ்த்தைக் காவு வாங்கிடப் போவுது."

கடைசியில் மிச்சமிருந்தது மெயின் ரிலே. என்ஜினின் மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கறுப்பு டப்பா. அது விட்டுவிட்டு வேலை செய்தால், வண்டியும் விட்டுவிட்டுத்தான் ஓடும்.

போன வெள்ளிக்கிழமை தௌசீப்பின் காரும் ஹாரன் வேலைக்கு வந்து நின்றது.

எல்லா ஷெட்டிலும் செய்வதைத்தான் வசந்தும் செய்தான். சந்தேகப்பட்ட ரிலேயின் தலையில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்தான். அதைக் கழற்றி தௌசீப்பின் காரில் செருகினான். அங்கிருந்ததை இங்கே செருகினான். இரண்டு என்ஜினையும் ஓடவிட்டான். ரிலே போகிற இடத்துக்குக் கோளாறும் போகிறதா என்று பார்க்க.

போகவில்லை. இரண்டுமே ஜம்மென்று ஓடின.

அதற்குள் கூட்டாளிகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"வண்டிய எட்றா வசந்து! ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு!"

பரபரவென்று இரண்டு பானெட்டையும் மூடினான்...

மூடுவதற்கு முன்னால்... ரிலேக்களைத் திருப்பி மாற்றினேனா?

மாற்றினேன்.

இல்லை... மாற்றவில்லையோ?

வாசலில் ஜீப் வந்து நின்றது!

இன்ஸ்பெக்டர் மோகனா இறங்கினார். பின்னாலேயே, ஒரு கான்ஸ்டபிள் ஓட்டிவந்த வெள்ளைக் காரிலிருந்து கவுஸ் பாஷா தள்ளாடி இறங்கினார். சட்டையெல்லாம் ரத்தம். அவருடைய ரத்தம் இல்லை.

"நீதான் வசந்தா?" மோகனாவின் பார்வை அவன் நெற்றி வீக்கத்தில் நின்றது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே யார்கிட்ட அடி வாங்கின?"

"ஸ்பேனர் மேடம்..."

"ரெண்டு வண்டியும் உன் கையிலதான் வேலையாம். ஒண்ணு அடிக்கடி நிக்குது. இன்னொண்ணு ஒரேயடியா நின்னுடுச்சு. இன்னாப்பா பண்ண?"

 வசந்த் கவுஸ் பாயின் காரைத் திறந்தான். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். 

மெயின் ரிலே...

தலையில் வெள்ளைச் சொட்டு இல்லை!

"மேடம்... நான்தான் கொன்னுட்டேன்."

"இன்னாது?"

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். திருப்பி மாற்ற மறந்ததை இரண்டு முறை சொன்னான்.

மோகனா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சந்தேகமான சாமானை அடுத்தவன் வண்டியில வெச்சுப் பாத்தியா? நல்லவேளை நீ டாக்டருக்குப் படிக்கல. ரிப்பேரான கிட்னிய பக்கத்து பெட்காரனுக்கு வெச்சு டெஸ்ட் பண்ணியிருப்ப!"

கவுஸ் பாஷா பாய்ந்து வந்து வசந்தின் சட்டையைப் பிடித்தார்.

"எனக்கு வரவேண்டிய சாவைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டியேடா! பாவி!"

"பாய்..."

"பேசாத! எப்பவும் நான்தான்டா முன்னாடி போவேன். இன்னிக்கு அவன்தான் முன்னாடி போறேன்னு ஒரே பிடிவாதம். வண்டிய ராங் சைடுல ஒடிச்சேன், இல்லன்னா நானும் அவன் மேலயே ஏத்தியிருப்பேன். பிரேக் லைட்டு கூட எரியல. அப்டியே... செத்த மாடு மாதிரி நின்னுச்சுடா வண்டி!"

"போதும் பாய்," மோகனா விலக்கினார். "வசந்து, ஏறு. அந்த ரிலேயைக் கழட்டி உன் கையாலயே குடு. கேஸ் எழுதணும்."

ஜெயில்! வசந்தின் காதில் அந்த ஒரு வார்த்தைதான் ஒலித்தது.

ஸ்டேஷன் வளாகம்.

தௌசீப்பின் காரில் பின்பாதி அப்பளமாகியிருந்தது. முன்பாதிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பானெட் சாதாரணமாகத் திறந்தது.

வெள்ளைச் சொட்டு வசந்தைப் பார்த்துச் சிரித்தது!

ரிலேயைப் பிடுங்கினான். கையில் வைத்துப் புரட்டினான்.

"மீட்டர்ல நல்லாதான் காட்டுச்சு மேடம். ஆனா நான் பிரிச்சுப் பாக்கல. உள்ள இன்னா போயிருக்குன்னு தெரிஞ்சாதான்... எனக்குத் தூக்கம் வரும்."

"லாக்கப்புல எவ்ளோ வேணா தூங்கலாம். சரி, பிரி."

ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினான். கறுப்பு மூடி டப்பென்று கழன்றது.

வசந்தின் கண்கள் விரிந்தன.

உள்ளே குட்டியாக ஒரு பச்சை அட்டை. அதன் முதுகில்...

ஒரு சிம் கார்டு!

"இது இன்னாப்பா? உன் ரிலேக்கு யார் போன் பண்ணுவாங்க?"

"இது வெறும் ரிலே இல்ல மேடம்! வண்டி திருடு போனா நிறுத்தறதுக்கு விக்கறாங்க. பாக்க ரிலே மாதிரியே இருக்கும். போன்ல ஒரு மெசேஜ் போட்டா என்ஜின் அணையும். இன்னொரு மெசேஜ் போட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ண விடும்!"

"அப்போ கோளாறு...?"

"கோளாறே இல்ல மேடம். யாரோ வேணும்னே நிறுத்தியிருக்காங்க. ஒவ்வொரு வாட்டியும்!"

மோகனா மெதுவாகத் திரும்பினார். கூடவே வந்திருந்த கவுஸ் பாஷாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பாய்... உங்க கார்ல இருந்த சாமான். உங்க மெக்கானிக். அவரு செத்தப்போ பக்கத்துல இருந்தது நீங்க மட்டும்."

"மேடம்! எனக்கு ரிலேன்னா ஓட்டப்பந்தயம்தான் தெரியும்!"

"கம்பெனிய விக்கறதுல உங்களுக்குள்ள தகராறாமே?"

"அவன் வித்துடலாம்னான். நான் உயிரோட இருக்கறவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அவ்ளோதான்! அதுக்காக நான் ஏன் மேடம் அவனை...?"

"அதைக் கோர்ட்ல சொல்லுங்க. கான்ஸ்டபிள்! பாயை உள்ள கூட்டிட்டுப் போ!"

"மேடம், ஒரு நிமிஷம்!" வசந்த் குறுக்கே வந்தான். "இது வேலை செய்யுதான்னே நாம இன்னும் பாக்கல. அடிபட்டதுல செத்தும் போயிருக்கலாம். கரண்ட் குடுத்துப் பாக்கட்டுமா?"

"நீ அடங்கவே மாட்டியா? பாரு!"

காரின் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்தான். பச்சை அட்டையின் கால்களில் தொட்டான்.

குட்டி விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. சிவப்பு... சிவப்பு... பச்சை!

'டிங்!'

எங்கோ ஒரு போனில் மெசேஜ் வந்து விழுந்தது.

மோகனா தன் போனைப் பார்த்தார். இல்லை.

கவுஸ் பாஷா பையைத் தடவினார். அவர் போனில் எதுவும் இல்லை.

"மே... மேடம்..." கான்ஸ்டபிள் உளறினார். அவர் கையில், சம்பவ இடத்தில் எடுத்த சாமான்கள் இருந்த பிளாஸ்டிக் கவர். அதற்குள் திரை விரிசல் விட்ட ஒரு போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

தௌசீப் அகமதுவின் போன்!

மோகனா கவரைப் பிடுங்கினார். பூட்டிய திரையிலேயே இரண்டு மெசேஜ்கள் தெரிந்தன. இரண்டும் ஒரே நம்பரிலிருந்து.

மேலே, இப்போது வந்தது: 'கரண்ட் வந்துவிட்டது.'

கீழே, காலையில் வந்தது: 'உங்கள் உத்தரவுப்படி என்ஜின் நிறுத்தப்பட்டது.'



"முன்னாடி போயி..." கவுஸ் பாஷா அந்தத் திரையையே பார்த்தார். "கண்ணாடியில என்னையும் லாரியையும் பாத்துக்கினே... பட்டனை அமுக்கியிருக்கான்..."

"ஆமா," என்றார் மோகனா. "உங்க வண்டியில இதை ஒளிச்சு வெச்சு, வாரக்கணக்கா நிறுத்தி நிறுத்தி, கோளாறு வண்டின்னு ஊருக்கே தெரிய வெச்சிருக்கான். நீங்க செத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. இந்த ஒரு வாரமா பட்டனைத் தொடல போல, ரிலே இடம் மாறினது மட்டும் அவனுக்குத் தெரியல!"

கவுஸ் பாஷா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு வசந்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீ மட்டும் வேலைய ஒழுங்கா பாத்திருந்தா... இன்னிக்கு எனக்குத்தான்டா ஜனாஸா தொழுகை நடந்திருக்கும்!"

வசந்துக்குச் சிரிக்க வரவில்லை. மறந்ததால் ஒருவர் பிழைத்தார். மறந்ததால் ஒருவர் செத்தார். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது?

"மேடம், என் மேல கேஸு...?"

"கொலை பண்ண நெனச்சவனும் அவன், பட்டனை அமுக்கினவனும் அவன், செத்தவனும் அவன். உன்னை வெச்சு நான் இன்னா பண்றது? ஸ்டேட்மென்ட் குடுத்துட்டுக் கெளம்பு."

அப்போது டிரைவர் ஓடிவந்தார்.

"மேடம், நம்ம ஜீப்பு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது! காலையில நல்லாத்தான் ஓடுச்சு!"

வசந்தின் கை தானாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது.

"நான் வேணா பாக்கட்டுமா மேடம்? ரிலேயா இருக்கும்..."

"கைய வைக்காத!" மோகனா பதறிப் பின்வாங்கினார். "இந்த ஏரியாவுல என்னைப் புடிக்காதவங்க ஜாஸ்திப்பா. நீ பாட்டுக்கு ஜீப்பை ரிப்பேர் பண்ணிட்டுப் போய்டுவ... அவங்க அத்தனை பேர் பாடியையும் யார் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பறது?"