நான்காம் உறை

சந்தைப் பேருந்து கல்லங்கரை வளைவில் திரும்பியதும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். காலையிலிருந்து அரியலூரில் அடக்கிக்கொண்டு சுற்றியவர்கள். முன்பக்கத்தில் ஒருவர் காலைப் பின்னிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

"பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்கப்பா! ஊர்ச் சொத்த பஸ்ல வுட்டுறாதீங்க" என்றார் நடத்துநர்.

தில்லைநாயகியும் அடக்கிக்கொண்டுதான் வந்தாள். அடுத்த ஊரில் விருந்து சாப்பிடலாம், படுத்து எழலாம். ஒன்றுக்கு மட்டும் போகக் கூடாது. எழுதாத சட்டம் அது. பாஸ்பரஸ் பாறைகள் பூமியில் தீர்ந்துபோய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பாஸ்பரஸ் இல்லாமல் நெல் விளையாது. தின்ற சோற்றிலிருந்த பாஸ்பரஸ் எந்த ஊர்க் குழாயில் இறங்குகிறதோ, அந்த ஊர் வயலுக்குத்தான் அது திரும்பும்.

கல்லங்கரையில் குழாய் இருந்தது. வயலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வேலை செய்ய வேண்டிய உயிர்தான் இன்னும் வரவில்லை. கடல் விழுங்கிய குப்பங்களிலிருந்து வந்தவர்கள் சுண்ணாம்புக்கல் மேட்டில் குடியேறி உண்டாக்கிய ஊர் அது. கழிவிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் அதன் மீட்பு நிலையத்துக்குத் தில்லை பொறியாளர். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் தாமாக வந்து சேர வெகுகாலம் ஆகும். அதனால் நன்றாக ஓடும் நிலையத்திலிருந்து சேறு வாங்கி ஊற்றுவார்கள், பக்கத்து வீட்டில் மோர் வாங்கிப் பாலில் விடுகிற மாதிரி. பெயரே உறைச்சேறுதான். தில்லை மூன்று முறை உறை ஊற்றிவிட்டாள். மூன்றும் செத்துப்போயின.

நாலாவதுக்கு இன்று அரியலூரில் கையேந்திவிட்டு வந்தாள். "அமாவாசை கழிச்சுத் தர்றோம். இதான் கடைசிம்மா. எங்க தயிரு கெட்டா நாங்க யார் வீட்டுக்குப் போறது?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. இதுவும் செத்தால் ஆடிப் பட்டத்துக்கு உரம் கிடையாது. ஊரைக் கலைத்து, ஆளுக்கொரு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நிலையத்தில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அக்கா, தொட்டிக்கு வர்ற தண்ணில கட்டு மருந்து இருக்கு. துளியூண்டுதான். நம்ம ஊர்லயே யாரோ மாத்திர திங்கிறாங்க."

தில்லை கைப்பையை வைக்க இடம் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

கட்டு மாத்திரை ரத்தப் புற்றுக்குக் கொடுப்பது. பெருகும் உயிரணுவைப் பெருக விடாமல் கட்டிப்போடும். உடம்பில் அது சிதைவதில்லை. வெளியே வந்து தொட்டியில் பெருக வேண்டிய உயிர்களையும் கட்டிப்போடும். முதிர்ந்த தொட்டி தாங்கிக்கொள்ளும், இளம் உறை தாங்காது. ஆகவே மாத்திரை தின்பவர்கள் மருந்தூரில்தான் வாழ வேண்டும். அங்கே கழிவை எரித்துவிடுவார்கள். எரிப்பதால் உரமில்லை, உரமில்லாததால் பயிரில்லை. வெளியிலிருந்து போகும் சோறு நோயாளிக்கு மட்டும்தான். கூட யாரும் போக முடியாது.

தில்லையின் வீட்டுக் குளியலறையில் மூடி போட்ட நீலக் கேன் ஒன்று இருந்தது. அவள் கணவன் மாசிலாமணி அதில்தான் போவான். விடியுமுன் அவள் அதைத் தூக்கிப்போய்ப் பழைய சுண்ணாம்புக் குழியில் கொட்டி மூடுவாள். ஒரு சொட்டும் குழாய்க்குப் போகவில்லை என்று நம்பியிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் மாசிலாமணி கருவாட்டுக் குழம்பைத் தள்ளிவைத்தான். வாயெல்லாம் புண். படகு வலித்த தோள்கள் எலும்பாகியிருந்தன.

"உன் புள்ளைங்க இன்னிக்கி என்ன பண்ணுதுங்க? அந்தத் தொட்டிக் கதையச் சொல்லு. பாதி மறந்துபோச்சு."

மறந்திருக்க மாட்டான். சொன்னால் அவள் முகம் மாறும், அதற்காகக் கேட்பான்.

"மொதத் தொட்டில காத்தே கெடையாதுங்க. மூச்சு முட்டும். சாப்பாடு மட்டும் இருக்கும். அத உள்ள இழுக்கத் தெம்பு வேணும்ல? அதுக்காகத் தன்கிட்ட சேத்து வச்ச பாஸ்பரஸ வெளிய வுட்டுடும்."

"கையில இருக்கறத வுட்டாத்தான் சோறு. அப்புறம்?"

"அடுத்ததுல காத்து. தின்னத எரிச்சுத் தெம்பாயி, வுட்டதவிட ஜாஸ்தியா அள்ளிக்கும். நல்லாக் கொழுத்ததும் கொஞ்சத்த எடுத்து, உள்ளாற இருக்கறதப் பிரிச்சு, மெக்னீசியம் சேத்தா வெள்ளையாப் படியும். அதான் ஊர்ப்பரல்."

"அப்புறம்?"

"அப்புறம் நெல்லு."

அவன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினான். "அந்த மருந்து ஒண்ணுக்குல மட்டுந்தான் வருமா?"

எப்படி என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. "வேர்வையிலயும் வரும். குளிக்கிற தண்ணி, துணி அலசுற..." பாதியில் நின்றுவிட்டாள்.

"நிறுத்துனா?"

"பத்து நாள்ல உடம்ப வுட்டுப் போயிடும். ஆனா நிறுத்தக் கூடாதுங்க. நிறுத்துனா நோவு மருந்தப் படிச்சுக்கும். மறுபடி தின்னா கேக்காது."

"சும்மாதான் கேட்டேன் புள்ள. அதுக்கு ஏன் மொகம் இப்படிப் போவுது?"

மறுநாளிலிருந்து அவன் துணியை அவள் குழியோரத்திலேயே அலசினாள். குளித்த தண்ணீரையும் வாளியில் பிடித்து அங்கே கொண்டுபோய்க் கொட்டினாள். இடுப்பு கழன்றது. ஆனால் அவன் தேறி வந்தான். வாய்ப்புண் ஆறியது. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மருந்து வேலை செய்கிறது என்று அவள் அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள்.

"கையில வலு வந்துடுச்சு. கேன இனிமே நானே கொண்டு போறேன்" என்றான்.

அமாவாசை கழித்து டேங்கர் லாரி வந்தது. நாலாவது உறையை ஊற்றினார்கள். தில்லை தொட்டியை விட்டு நகரவில்லை. இந்த முறை சேறு வெளுக்கவில்லை. நாளுக்கு நாள் கனத்தது. ஒரு காலை ஜெபராணி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே கத்தினாள்: "அக்கா, வயிறு ரொம்பிடுச்சு! ஒவ்வொண்ணும் கல்யாண வீட்டுல உண்டவன் மாதிரி கெடக்கு!"

ஆடி பிறப்பதற்குள் படிகத் தொட்டியின் அடியில் முதல் பரல்கள் உட்கார்ந்தன. சங்கு ஊதியது. ஊர் முழுக்க நிலையத்து வாசலுக்கு ஓடிவந்தது. தில்லை மட்டும் எதிர்த்திசையில் ஓடினாள், கை நிறையப் பரலோடு, அவனிடம் காட்ட.

கொல்லைப்புறமாக நுழைந்தவளின் காலில் நீலக் கேன் இடறி உருண்டது. நிறைந்த கேன் உருளாது. எடுத்துப் பார்த்தாள். உள்ளே காய்ந்து கிடந்தது. மூடிக்கு அடியில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

புண் ஆறியதும் பசி எடுத்ததும் மருந்தால் அல்ல, மருந்தை அவன் நிறுத்தியதால். தொட்டி பிழைத்ததும் அதனால்தான்.

உள்ளே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது. மாசிலாமணி ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி வெளியே வந்தான். அவள் கையிலிருந்த கேனைப் பார்த்ததும் நின்றான்.

"மருந்தூருக்குப் போயிருக்கலாமே" என்றாள். "உசுரோட இருந்திருப்பீங்களே."

"போனா, இத்தன நாளு இவன் எங்க இருந்தான்னு கேப்பாங்க. மூணு உறைய யாரு கொன்னான்னு கேப்பாங்க. அப்புறம் உன்ன அந்தத் தொட்டிப் பக்கம் வுடுவாங்களா? நீ இல்லாம நாலாவது புடிச்சிருக்குமா?" அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அதோட, அங்க போயி யாருகிட்ட கத கேக்குறது?"

அவளது மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பரல்கள் வியர்வையில் ஒட்டிக்கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"மருந்த நிறுத்திப் பத்து நாள் ஆனதுலேர்ந்து நானும் ஊர்க் குழாய்லதான் போறேன். இதுல என்னுது எது புள்ள?"

"அப்படிப் பிரிக்க முடியாதுங்க." சொல்லத் தொடங்கிவிட்டாள், நிறுத்தத் தெரியவில்லை. "எல்லாருதும் ஒண்ணாக் கலந்துடும். ஒவ்வொரு பரல்லயும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பாங்க. இத வயல்ல போடுவாங்க. வேர் உறிஞ்சிக்கும். தையில கதிர் முத்தி அறுப்பாங்க..."

தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. அவன் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றான்.