செம்மலை மாமாவின் கண்கள்

பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அரிசி களைந்துகொண்டிருந்த நாகஜோதியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. மத்தியானம் சாய்ந்த நேரம். செக்காலையின் அந்த வரிசை வீடுகளில் ஆள் சத்தம் அடங்கி, எங்கோ ஒரு மிக்ஸி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவனின் ஒலிபெருக்கி தேய்ந்து தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்த ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால், சளி கட்டிய ஆண் குரல் ஒன்று, உள்ளே இருக்கும் பெண்களுக்கு, நான் வருகிறேன் என்று சொல்லும் மரியாதையான செருமல்.

அது செம்மலை மாமாவின் செருமல். அவரை எரித்து, காரியமும் முடிந்து, மகன் தேவா வீட்டைப் பூட்டிக்கொண்டு சிவகங்கைக்குப் போய் ஒரு வாரமாகிவிட்டது.

நாகஜோதி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸியும் நின்றுவிட்டிருந்தது.

அவளுக்குக் காதுதான் எல்லாம். வலது கண் மூன்று வயதில் அம்மை போட்டபோதே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணை வைத்துத்தான் தையல் படித்தாள், ஜாக்கெட் தைத்தாள், கல்யாணம் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிறந்த ஊரில் கதிரடிக்கும்போது அந்தக் கண்ணில் உமி தெறித்தது. யாரோ பச்சிலையைக் கசக்கி விட்டார்கள். புண்ணானது. புண் ஆறியபோது கருவிழி மேல் பால் காய்ந்த மாதிரி ஒரு தழும்பு உட்கார்ந்துவிட்டது. அன்றையிலிருந்து உலகம் கஞ்சித் தண்ணிக்குள் கிடந்தது. வெளிச்சம் இருந்தால் வெள்ளை. யாராவது குறுக்கே போனால் அந்த வெள்ளையில் கொஞ்சம் அழுக்கு. அவ்வளவுதான்.

"உள்ள நரம்பெல்லாம் நல்லா இருக்கும்மா. இந்தக் கண்ணுல கருவிழி மட்டும் மாத்தினாப் போதும், பார்வை வந்துரும்" என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான் அவள் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தாள். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பதில். "கண்ணு வரத்து கம்மிம்மா. உங்க வரிசை வரும்போது நாங்களே கூப்பிடுவோம்." பாலைப் பொங்கவிட்டாள். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். நைட்டியை உள்பக்கம் வெளியே வர மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், அங்கே சிரித்தவர்கள் யாரென்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்தாள். தெருவில் சாவு ஊர்வலம் போய் வேட்டுச் சத்தம் கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒவ்வொரு வேட்டுக்கும் இரண்டு கருவிழி. பூவைப் போட்டு, தப்படித்து, ஆடிக்கொண்டே கொண்டுபோய் நெருப்பில் போடுகிறார்கள்.

செம்மலை மாமாவிடம் இதைச் சொல்லித்தான் புலம்புவாள். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்சாரம் இல்லை. அவளுக்குக் கண் போன பிறகு குடிதண்ணீர்க் குடத்தை அவர்தான் தூக்கிவந்து வைப்பார். பள்ளிக்கூடத்தில் கண்தான முகாம் நடந்தபோது அவளையும் துணைக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டு வந்தார்.

"எனக்குச் சக்கரை இருக்கு, பிரஷரு இருக்கு தாயி. ஆனா கண்ணு ரெண்டும் சுத்தம். நாலு போஸ்டு தள்ளி உக்காந்திருக்க காக்காயச் சொல்லுவேன். உனக்குக் குடுத்துட்டுப் போறேன்."

"அப்படி ஆளு பேரச் சொல்லிக் குடுக்க முடியாது மாமா. வரிசையில யாரு முன்னாடி இருக்காகளோ அவுகளுக்குத்தான்."

"யாருக்குப் போனா என்ன? வரிசை நகரும்ல."

அவர் குளியலறையில் விழுந்து செத்த அன்று காலையில் முதலில் ஓடியது நாகஜோதிதான். கண் வங்கிக்குப் போன் போட்டாள். முகாமில் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தி, தடவித் தடவி அவர் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்தாள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வண்டி வந்துவிட்டது. ஐஸ் பெட்டியோடு அந்தோணி பிரபு என்று ஒருவர் இறங்கினார். தேவாவும் சிவகங்கையிலிருந்து வந்துவிட்டான்.

"முகம் மாறாது சார். இருபது நிமிஷ வேலை. பக்கத்துல நின்னு நீங்களே பாக்கலாம்" என்று பிரபு சொன்னார்.

"எங்கப்பன நான் முழுசா அனுப்பணும். அடுத்த பிறவியில அவரு கண்ணில்லாமப் பொறக்கவா?"

"அவரே எழுதிக் குடுத்திருக்காரு தேவா" என்றாள் நாகஜோதி.

"அவரு எங்கக்கா எழுதினாரு? நீ எழுத வச்ச."

கூடியிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்கு முகங்கள் தெரியவில்லை. எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியது மட்டும் தெரிந்தது.

பிரபு உடனே போய்விடவில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பேசினார். கடைசியில் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "வீட்டாளுக சம்மதிக்காம நாங்க தொட முடியாதுக்கா. இந்த வாரத்துல இப்படி வெறுங்கையோட திரும்புறது எத்தனையாவது வீடுன்னு எனக்கே மறந்துபோச்சு." ஐஸ் பெட்டிக்குள் தண்ணீர் அலம்புவது அவளுக்குக் கேட்டது. வண்டியின் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்குப் பெண்கள் கிளம்பியபோது நாகஜோதி தடவிக்கொண்டே அவர் தலைமாட்டுக்குப் போனாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. குனிந்து, குளிர்ந்துபோன அந்தக் காதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"குடுக்கிறேன்னு சொன்னீகளே மாமா. இப்பக் கையோட கொண்டு போறீக. எனக்குக் குடுத்துட்டுப் போங்க. எப்படியாச்சும் குடுங்க."

இப்போது அந்தச் செருமல்.

சாயங்காலம் அரிசி ஆலையிலிருந்து வந்த புருஷன் மருதுவிடம் சொன்னாள். அவன் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். ஜன்னல் வழியே செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல நாகு. பூனையா இருக்கும்."

"பூனை செருமுமாங்க?"

"சும்மா அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத."

மறுநாள் மருது வேலைக்குப் போன பிறகு சுவருக்கு அப்பால் வேறொரு சத்தம் கேட்டது. சரசரவென்று, நின்று நின்று, காரை உதிர உதிர, மூலையிலிருந்து வாசல் பக்கமாக நகர்ந்த சத்தம். அது என்ன சத்தமென்று யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. தினமும் அவள் எழுப்புகிற சத்தம் அது. கண் தெரியாத ஒருவர் உள்ளங்கையால் சுவரைத் தடவி வழி தேடும் சத்தம்.

அன்றைக்கு முழுதும் அவள் கோயில் பக்கம் போய் ஜனங்களோடு உட்கார்ந்திருந்தாள். மருது வந்து கூட்டிப்போனான். வீட்டு வாசலில், "யாரு வீட்டுல வரட்டி எரிக்கிறாக?" என்று மூக்கை உறிஞ்சினான். பிறகு, "அம்மா வீட்டுக்கு நாலு நாளைக்குப் போய் இருந்துட்டு வாரியா? வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடுறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை வரை அவள் சமாளித்திருப்பாள். மதுரைக்குப் போன் பண்ணியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த நாள் பொறுக்க முடியாமல் பண்ணினாள்.

"இன்னும் வரலைம்மா. வந்தா நாங்களே..."

"எப்பத்தான் வரும்? நான் செத்த பின்னாடியா?" என்று கத்திவிட்டு, போனைக் கட்டிலில் எறிந்தாள். உச்சி வெயில். கதவைத் தாழ் போட்டிருந்தாள். ஜன்னல் வழியே வந்த வெயிலில் அறை முழுவதும் ஒரே வெள்ளை, சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பிய மாதிரி, மேலும் கீழும் இல்லாத வெள்ளை. அவள் அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

முதலில் வாசம் வந்தது. வரட்டிப் புகை. அதற்குள் நெய். அதற்கும் உள்ளே, மயிர் பொசுங்கின நாற்றம்.

பிறகு செருமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

"ஏங்க? வந்துட்டீகளா?" என்றாள். மருது இல்லையென்று தெரிந்தே கேட்டாள்.

வாசல் பக்கச் சுவரில் உள்ளங்கை ஒன்று சரசரத்தது. பாத்திர அலமாரியில் பட்டது. தட்டு ஒன்று கீழே விழுந்து, சுழன்று சுழன்று, சத்தம் சின்னதாகி அடங்கியது. கை அதற்காக நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

வெள்ளையில் ஓர் அழுக்கு தெரிந்தது.

அது ஆள் உயரம். ஒவ்வொரு அடிக்கும் எதுவோ பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. நாகஜோதி பின்னால் நகர்ந்தாள். தையல் மிஷின் இடுப்பில் இடித்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். முதுகில் சுவர். அதற்கப்புறம் இடமில்லை.

"மாமா. வேணாம் மாமா. கோவத்துல சொல்லிட்டேன்."

அழுக்கு கருப்பானது. வெள்ளையின் ஓரங்களைத் தின்றது. வெயில் முகத்தில் படவில்லை. சூடு மட்டும் பட்டது. அடுப்பைத் திறந்த சூடு.

"எனக்கு வேணாம்!"

"தாயி."

கனிவான குரல். குடத்தை இறக்கி வைக்கும்போது கூப்பிடுவாரே, அதே குரல்.

மொரமொரத்த விரல்கள் அவள் நெற்றியைத் தொட்டன. புருவத்துக்கு இறங்கின. அவசரமில்லாமல், நோகாமல், தேடின. இடது இமையை மேலே தூக்கின. குளிர்ந்த எதுவோ, உரித்த நுங்கு மாதிரி வழுவழுத்து, கண் மேல் அமர்ந்தது. ஒரு அழுத்து. வலி இல்லை. கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

வெள்ளை கிழிந்தது.

ஜன்னல். ஜன்னலுக்குக் கம்பி. கம்பியில் துரு. கம்பிக்கு அப்பால் வேப்ப மரம், மரத்துக்கு அப்பால் மின்கம்பம், அதில் ஒரு காக்கை, அதன் கழுத்தில் சாம்பல் நிறம். தையல் மிஷின் மேல் தூசி. இரண்டு வருடமாக ஊசிக்கடியில் அப்படியே கிடந்த பச்சை ஜாக்கெட், பாதி தைத்த கை. நூல் கோர்த்திருந்த ஊசிக் கண். அத்தனை சின்ன ஓட்டைகூடத் தெரிந்தது. அந்த ஒரு கணம் அவள் எல்லாவற்றையும் மறந்தாள். சந்தோஷம் பொங்கி வந்தது.

பிறகு முன்னால் நின்றதைப் பார்த்தாள்.

தோல் வெடித்துக் கருகிய முகம். தாடையைக் கட்டின துணி பாதி எரிந்து தாடையோடு ஒட்டியிருந்தது. உதடு இல்லாத பல்வரிசை. மூக்குக்கு மேலே இரண்டு குழிகள், அவற்றின் விளிம்பிலிருந்து விடாமல் உதிர்ந்த சாம்பல். அந்த முகம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காது கொடுத்துக் காத்திருந்தது.

கண்ணை மூடினாள். மூடவில்லை. இமை அசையவே இல்லை. உள்ளங்கையால் அழுத்தி இழுத்தாள். கையை எடுத்ததும் மேலே ஏறிக்கொண்டது. எல்லாம் துல்லியமாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அதன் வலது கை மெல்ல மேலே வந்தது. காற்றைத் தடவியது. அவள் தோளைக் கண்டுபிடித்து, கழுத்தைக் கண்டுபிடித்து, மூன்று வயதில் செத்துப்போன அவளுடைய வலது கண்ணின் இமையை இரண்டு விரலால் பக்குவமாகத் தூக்கியது. இடது கை அவள் முகத்துக்கு நேராக விரிந்தது.

கருகின உள்ளங்கையில், பொசுங்காமல், ஈரமாக, இன்னொன்று இருந்தது. அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.