அழித்தாலும் சாகாத ஃபைல்

போன் அலறியது.

"அக்கா! கோல்டு ரூம்ல முதலாளி விறைச்சுச் செத்துக் கிடக்காரு! மாமாவைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு!"

பேசியது தங்கை. ஐஸ்க்ரீம் கம்பெனியில் பேக்கிங் வேலை. மாமா, அதாவது அக்காவின் புருஷன், அங்கேயே மெக்கானிக்.

அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கோல்டு ரூம் பூட்டை இயக்கும் ஸ்கிரிப்ட்டை, அந்தச் சின்ன ப்ரோகிராமை, எழுதியவளே அவள்தான். யார் கார்டைக் காட்டினாலும் ஒரு ஃபைலில் பதிவாகிவிடும்.

கம்ப்யூட்டர் அறையில் இன்ஸ்பெக்டர். மேனேஜர். கையில் விலங்கோடு புருஷன்!

"ஃபைலே இல்லம்மா. யாரோ அழிச்சிருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேற யாரு? இவன்தான்!" மேனேஜர் எகிறினார். "நேத்து முதலாளிகிட்ட மல்லுக்கு நின்னான் சார்!"

"லீவுதான் கேட்டேன்... கொலை பண்ணல!" புருஷனின் குரல் உடைந்தது.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கீபோர்டைத் தட்டினாள்.

ஸ்கிரிப்ட்... இன்னும் ஓடிக்கொண்டிருந்தது!

"சார், அழிச்ச ஆளுக்கு விஷயம் தெரியல. விண்டோஸா இருந்தா, ஸ்கிரிப்ட் திறந்து வச்சிருக்கற ஃபைலை லேசுல அழிக்க விடாது."

"இது?"

"போன வாரம் லினக்ஸுக்கு மாத்தினேன். இது தடுக்காது. ஆனா பேரை மட்டும்தான் எடுக்கும். ஸ்கிரிப்ட் ஓடற வரைக்கும் உள்ள எழுதினது அப்படியே இருக்கும்!"

"கம்ப்யூட்டர் அணைஞ்சுட்டா?"

"எல்லாம் போச்சு சார்... என் புருஷனும் சேர்ந்து."

மேனேஜரின் கண் சுவர்ப் பக்கம் போனது.

அடுத்த நொடி பாய்ந்தார். சுவரிலிருந்த ப்ளக்கை வெடுக்கென்று பிடுங்கினார்!

"அய்யோ!" புருஷன் அலறினான்.

ஆனால்... திரை அணையவில்லை!

மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி மட்டும் 'பீப்... பீப்...' என்றது.

"யூ.பி.எஸ். சார், கரண்ட் போனாலும் பேட்டரில ஓடும்," என்றாள் மேனேஜரைப் பார்த்து. "வெட்டிச் செலவுன்னு திட்டிக்கிட்டே நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஃபைலின் நகல் திரையில் வந்து நின்றது. முதலாளி உள்ளே நுழைந்த மறு நிமிடமே, கதவை வெளியிலிருந்து பூட்டியது மேனேஜரின் கார்டு!

மேனேஜர் பல்லைக் கடித்தார். "பால் பவுடர்ல கலப்படம் பண்றதை மோப்பம் பிடிச்சுட்டான் அந்தாளு..."

விலங்கு கை மாறியது. அவள் புருஷனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். முதலாளி பிணவறையில். மேனேஜர் ஜீப்பில்.

"அது சரி... இனிமே என் லீவை யார்கிட்டடி கேக்கறது?"