சாம்பலில் குளம்படி

சோளக்கதிர்களைத் தின்றது யாரென்று ஃபாஸ்தாவுக்குப் பிடிபடவில்லை. வேலியோரத் தட்டைகள் அசையாமல் நிற்க, வீட்டை ஒட்டிய வரிசை மட்டும் மடிந்து கிடந்தது. ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடம் அவள் வீட்டுப் பின்கதவில் தொடங்கி வயலுக்குள் போயிருந்தது. வந்த தடம் இல்லை.

பக்கத்து மேட்டு எஸ்தோயைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள்.

"உன் பன்னியக் கட்டி வைக்க மாட்டியா அண்ணே?"

"அதப் போன திருவிழாவுக்கே தின்னு ஏப்பம் விட்டாச்சு. நீயுந்தானே ரெண்டு தட்டு வாங்குன?" என்று சிரித்தவன், தடத்தைப் பார்த்ததும் அடங்கினான். "இது காட்டுப் பன்னி தங்கச்சி. ஆனா நம்ம செபு தீவுல காடு ஏது? கடைசித் தோப்பையும் உன் வீட்டுக்காரன்தானே கொளுத்துனான்?"

உண்மைதான். மலையைக் கொளுத்தி விதைக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத காட்டுக்காரர்களுக்கென்று உச்சியில் ஒரு தோப்பை விடுவார்கள். "விலகிக்கோங்க சாமி" என்று கேட்காமல் தீ வைக்க மாட்டார்கள். அவள் புருஷன் கிறிஸ்புலோ கேட்கவுமில்லை, விடவுமில்லை. பிடரிமயிர் தொங்கும் ஆண்பன்றி ஒன்றும் குட்டி ஒன்றும் வழி கிடைக்காமல் புகைக்குள்ளேயே திரும்பி ஓடியதை விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னான்.

"பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. கறி மிஞ்சும்னு பாத்தேன். எலும்புகூட இல்ல."

கதிர் முற்றியதிலிருந்து அவன் சோளச்சோற்றைத் தொடுவதில்லை. கழுத்து மயிர் முதுகுவரை தடித்து இறங்கியிருந்தது. கேட்டால் உறுமினான். அவன்மேல் சேறும் கருகிய ரோமமும் கலந்த வாடை. பாவி மனுஷன், இவன்தான். இவனுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். ஆறு வயது மகள் லூமென் இவன் பக்கத்தில் அல்லவா படுக்கிறாள்!

மதியத் தூக்கத்துக்கு மகளின் பாயை எதிர் மூலைக்கு இழுத்துப் போட்டாள். காலையில் கட்டிய மஞ்சள் ரிப்பனோடு குழந்தை தூங்கியது. கிறிஸ்புலோ தன் பாயில் குறட்டை விட்டான். தரையெங்கும் அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு, அரிவாளோடு முன்வாசலில் உட்கார்ந்தாள். உச்சி வெயில். சில்வண்டுகளின் இரைச்சல். கண் சொக்கியது.

விழித்தபோது சில்வண்டுகள் அடங்கியிருந்தன.

இரண்டு பாயும் காலி. பின்கதவு திறந்து கிடந்தது.

சாம்பலில் குளம்படி. பெரியது. அவன் பாயிலிருந்து நேரே கதவுக்கு. மகளின் பாய்ப்பக்கம் அது போகவே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்தப் பாயிலிருந்தும் தடம் கிளம்பியிருந்தது. சின்னச் சின்னதாக. குளம்படி.

"லூமென்! கண்ணு!"

தட்டைகள் அசைந்தன. இரண்டு இடத்தில். வீட்டை நோக்கி.

சிறியது முன்னால் வந்தது. அதன் பிடரிமயிரில் மஞ்சள் ரிப்பன், அவள் போட்ட முடிச்சு அவிழாமல்.