நிற்காத கவலை

டாக்டர் இன்னாசி தருமபுரியிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. யுத்த காலம், மாசி மாதம். இண்டூருக்கு வெளியே, புளியமரங்களுக்கு நடுவில் தனியாக நின்ற பழைய ஓட்டு வீடு அது. தீர்த்தம்மாள் வாசலில் செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளறை இருட்டாக இருந்தது. கிணற்றுப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே ஈரத்தோல் வாசனை வந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவள் கணவர் காளியப்பன் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

“தூக்கம் எப்படி?” என்றார் டாக்டர்.

“கோவிச்சிக்கிட்டு அதோட அம்மா வூட்டுக்குப் போயிடுச்சுங்க. தை மாசம் போனது, இன்னும் திரும்பல.”

டாக்டர் சிரித்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறிய இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். எடுத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“வெளியே ஏதாவது கட்டைச் சக்கரம் சுத்துதா?”

“இல்லீங்களே,” என்றாள் தீர்த்தம்மாள். “மத்தியானத்துல மாட்ட அவுத்துடுவமுங்க.”

அவர் மறுபடி குழாயை வைத்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. குழாயை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“பயந்தா இருதயம் வேகமா அடிக்கும், ரத்தம் ஏறும். பயம் போனதும் இறங்கணும். உங்களுக்கு இறங்கவே இல்லை. வயிறு, தூக்கம், இருதயம் எல்லாத்தையும் அது அரிச்சிட்டிருக்கு. மனசிலே எதையாவது வச்சிருந்தா யார்கிட்டயாவது சொல்லிடுங்க.”

“ஒண்ணுமில்லீங்க.” காளியப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“அப்ப உப்பைக் குறைங்க. காலையிலே காலாற நடங்க. முக்கியமா, கவலையை விட்டுடுங்க. அது ஓடற வரைக்கும் நீங்க தூங்க முடியாது.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வுட்டா கத்திரி காஞ்சிடுமுங்களே?” என்றார் காளியப்பன்.

“கத்திரியா பெரிசு? உசிர் பெரிசய்யா!”

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அங்கே வாய்க்காலில் தண்ணீர் தானாக வரும். கவலை என்றால் மனத்தில் இருப்பது மட்டுந்தான். இங்கே கிணற்றுச் சரிவில் மாடு பூட்டித் தோல்சாலில் நீர் இறைப்பதற்கும் அதே பெயர். அது டாக்டருக்குத் தெரியாது.

இந்த வீட்டில் நடந்தது தெரியாதவர் எப்படிச் சரியாகச் சொன்னார் என்று தீர்த்தம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கவலையை ஓட்டியவன் மாது. விடியும் முன்பே மாடுகள் சரிவில் இறங்கத் தொடங்கும். அவன் வடத்தின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பான். சால் மேலே வந்து தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். உருளை கிறீச்சிடும். காளியப்பன் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நின்றால் ஜன்னல் வழியே குரல் போகும்.

“ஏண்டா நின்னுச்சு?”

ஒருநாளும் அடித்ததில்லை. அந்தக் கேள்வியே போதும். மாடுகளை மாற்றிப் பூட்டுவார்கள். மாதுவை மாற்ற ஆளில்லை. வருஷங்கள் போகப்போக அவன் தின்ற களி வயிற்றில் தங்கவில்லை.

“நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுதுங்க. ரெண்டு நாளு வூட்ல கெடக்கட்டுங்களா?” என்று ஒருமுறை வந்து நின்றான்.

“ஓடற வரைக்கும் நல்லதுதாண்டா. நின்னாத்தான் வம்பு,” என்று காளியப்பன் சிரித்தார். தீர்த்தம்மாளும் சிரித்தாள்.

தை மாதம் ஒரு காலையில் அவன் சரிவிலேயே செத்துப்போனான். வடம் கையில் சுற்றியிருந்தது. மாடுகள் பழகிய தடத்தில் அவனையும் இழுத்துக்கொண்டு இறங்கின, ஏறின. உருளை நிற்கவில்லை. அதனால் உச்சிவேளை வரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மாது போனபின் கூலியாள் வைத்து ஓட்டிவந்த கவலையை டாக்டர் சொன்னபடியே விட்டார்கள். சாலைக் கழற்றினார்கள். வடத்தைச் சுருட்டி, உருளையோடு கொட்டகையில் போட்டார்கள். மாடுகளைப் பாலக்கோட்டுக்கு, தீர்த்தம்மாளின் தம்பி வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள்.

அன்று காளியப்பன் தூங்கினார். வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். தீர்த்தம்மாள் அவர் மூச்சைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இனிப் பிழைத்துக்கொள்வார்.

மறுநாள் மத்தியானம் அவர் மறுபடி கண்மூடியபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த, மரியாதையான குரல்.

“ஏனுங்க நின்னுச்சு?”

காளியப்பன் துள்ளி எழுந்தார்.

அவள் வெளியே ஓடினாள். கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. வடமில்லை. உருளையில்லை.

தொட்டி நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் இமை தாழும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்தது. தூக்க மருந்து கொடுத்தாலும் வந்தது. படுத்த இடத்திலேயே அவர் கால்கள் அசையத் தொடங்கின. முன்னே, பின்னே. முன்னே, பின்னே. “நிக்கலீங்க... நிக்கலீங்க...” என்று உதடு முணுமுணுத்தது.

தீர்த்தம்மாள் மாதுவின் மனைவி குள்ளம்மாளைத் தேடிப் போனாள். குன்றை ஒட்டிய கரட்டடியில், கிணற்றுக்கு வெகு மேலே, ஒரு துண்டு வறண்ட நிலத்தில் அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எம் புருசன் சாகறாரு, குள்ளம்மா.”

“தெரியுமுங்க, ஆத்தா.”

“உம் புருசனுக்கு ஒரு வார்த்த சொல்லு. வுட்டுடச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்.”

“கேப்பாரு.” குள்ளம்மாள் ஒரு கல்லை வரப்புக்கு வெளியே எறிந்தாள். “உசுரோட இருக்கையிலதான் எம் பேச்சக் கேக்க நேரமில்ல. இப்ப நெறைய இருக்குது.”

“உங் கால்ல வுழறேன்.”

“அவரும் தூக்கத்துல இப்படித்தாங்க. நிக்கலீங்க, நிக்கலீங்கன்னு கால உதறுவாரு. நெஞ்சு மேல கைய வச்சிக்கிட்டு வுடிய வுடிய உக்காந்திருப்பேன். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? ஒரு தடவ, நில்லுடான்னு சொன்னீங்களா?”

தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நானும் சொல்ல மாட்டேன். போங்க.”

திரும்பி வரும்போது தூரத்திலேயே கேட்டது. கிறீச்... கிறீச்...

கட்டில் காலியாக இருந்தது.

காளியப்பன் சரிவில் இருந்தார். கழுத்தைத் தாழ்த்தி, முன்னே இறங்கினார். பின்னோக்கி நடந்து ஏறினார். எதுவும் அவரைக் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் தோள் நரம்புகள் புடைத்தன, பெரிய பாரத்தை இழுப்பவருக்குப் போல. வாயில் நுரை.

அவர் முதுகுக்குப் பின்னால், ஆள் உட்காரும் உயரத்தில், காற்று ஓரிடத்தில் மட்டும் கனத்திருந்தது.

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கினார்.

“நில்லுங்க!” என்று அலறினாள். “போதும், நில்லுங்க!”

அவர் நின்றார்.

சத்தம் நின்றது. அவள் கைக்குள் அவர் நாடி துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

மறுநாள் பிணத்தைக் குளிப்பாட்டியவர்கள் அவர் பிடரியைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். நுகத்தடிக் காய்ப்பு. புதுக்காயமல்ல. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, வருஷக்கணக்கில் உழைத்த மாட்டுக்கு இருப்பது போல.

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, தீர்த்தம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாலக்கோட்டுக்குக் கிளம்பினாள். கரட்டடி வழியாகத்தான் பாதை. கிணற்றுத் தண்ணீர் ஒருபோதும் ஏற முடியாத அந்த மேட்டு நிலத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. குள்ளம்மாள் காலால் மடை திறந்து பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெலிந்தது.

குள்ளம்மாள் தலையை நிமிர்த்திக் கிணற்றுப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து, “நிக்கலீங்க... நிக்கலீங்க...” என்று காளியப்பனின் குரல் வந்தது.

தண்ணீர் வேகமாக வந்தது.