கோணல் விதானம்

வெள்ளாற்றின் மேல் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. மேற்கு வானத்துச் செம்மை முற்றும் வடியுமுன்பே அவசரப்பட்டு எழுந்துவிட்ட முழுமதி, தென்முடியூர்க் கோட்டையின் மதில்களையும், அவற்றைத் தழுவி ஓடிய நீர்ப்பரப்பையும், அந்நீரில் பூமாலைகள் தொங்க மெல்ல நகர்ந்து சென்ற மண ஓடத்தையும் வெள்ளியில் தோய்த்து வைத்திருந்தது. ஓடத்தின் பட்டுத்திரைக்குள் மணமகளாக அமர்ந்து செல்பவள் கோட்டைத் தலைவர் அமரபுயங்கராயரின் ஒரே புதல்வி திருமடந்தை. மதில்மேல் நின்று பார்த்த ராயர் கண்ணீர் விடவில்லை. வாசகர்களே, தம் குடியில் பிறந்தவர் எவரும் பிறர் காண அழுததில்லை என்பது அவருக்குப் பால்குடி நாளிலேயே சொல்லித் தரப்பட்ட பாடம்.

ஓடம் நடு ஆற்றை எட்டியதும் அவர் திரும்பி நடந்தார். மனைவியோ மறைந்து நெடுநாளாயிற்று, மகளும் போய்விட்டாள். இனி அந்தப்புர மாடத்தைத் தம் கையாலேயே பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மாடத்துக்குச் செல்லும் வழி கொலுமண்டபத்தின் ஊடே சென்றது. அங்கே ஒரு கொத்தன் தொட்டியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் விதானத்து ஓவியத்தை வெள்ளையடித்து மறைக்கும்படி ராயரே ஆணையிட்டிருந்தார். அவ்வளவு பெரிய அவமானத்தை அந்த ஓவியம் அவருக்குத் தேடித் தந்திருந்தது.

அதை எழுதியவன் தெய்வச்சிலை என்னும் இளைஞன். முத்துக்குளித்துறையில் பறங்கிப் பாதிரியார் ஒருவரிடம், தட்டையான கூரையில் தூண்களும் மாடங்களும் வானளாவ எழுந்து நிற்பதுபோல் காட்டும் வித்தையைக் கற்றவன்.

"இந்த வித்தைக்கு ஒரே ஒரு கண்ணிடம் உண்டு, மகாராஜா. அங்கிருந்து பார்த்தால்தான் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். மற்ற இடங்களுக்குச் சாய்ந்தே தெரியும்" என்று அவன் முதல்நாளே சொன்னான்.

"அந்த இடம் நம் ஆசனமாக இருக்கட்டும்" என்றார் ராயர்.

அவன் தலை வணங்கினான். ஆகட்டும் என்று மட்டும் சொல்லவில்லை. ராயர் அதைக் கவனிக்கவில்லை.

திருமடந்தைக்கு மணம் பேச மேலைச்சீமையின் தூதராகத் தானாபதி நரசய்யன் வந்திருந்த நாளில் விதானத்துத் திரை விலக்கப்பட்டது. ஆசனத்திலிருந்து அண்ணாந்த ராயரின் முகம் கறுத்தது. தூண்கள் குடித்தவர்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"ராயர்வாள், சற்றுத் தள்ளி அமருங்கள், தூண் தலையில் விழப்போகிறது!" என்றார் தானாபதி. "அதோ, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒருவன் மாறுகண்ணால் விழிக்கிறானே, தங்கள் பாட்டனாரோ?"

சபை சிரித்தது.

ராயர் ஓவியனை நோக்கி, "வேறெங்கிருந்தேனும் இது நேராகத் தெரியுமா? அந்த இடத்தைக் காட்டு, மன்னிக்கிறோம்" என்றார்.

தெய்வச்சிலை தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "எங்கிருந்தும் தெரியாது, மகாராஜா. எனக்குத் தொழில் தெரியாது" என்றான்.

அவனுடைய வண்ணங்களைக் கொண்டே அவன் முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிக் கோட்டைக்கு வெளியே துரத்தினார்கள். தொழில் தெரியாத மோசக்காரன் என்று எல்லைவரை பறையறைந்தார்கள். பிறகு அவனை எவரும் காணவில்லை.

இதையெல்லாம் எண்ணியவாறே படியேறிய ராயர், மாடத்தில் செவிலித்தாய் உலகம்மை முந்தானையால் முகம் மூடிக் கிடப்பதைக் கண்டார். அவளை எழுப்பாமல், கொலுவைப் பார்க்கப் பெண்கள் அமரும் மரச்சல்லடைத் தடுப்பின் ஓரத்தில், மகள் வழக்கமாக அமரும் பலகையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் ஏற்றியிருந்த விளக்குகள் மேலே ஒளி வீசின. தற்செயலாக நிமிர்ந்தார்.

கூரை திறந்துகொண்டது!

தூண்கள் ஒன்றுவிடாமல் நிமிர்ந்து, மாடத்தின்மேல் மாடமாக எழும்பி, உச்சியில் நீலவானத்தைத் தாங்கி நின்றன. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற மாறுகண் மனிதனின் கோணல் முகம் நேராகி, கையில் தூரிகையோடு, இமை தாழாமல் அவரையே பார்த்தது. அது தெய்வச்சிலையின் முகம்.

"உலகம்மை!" என்றார் ராயர். "இது எப்போதிலிருந்து?"

"பார்த்துட்டீங்களா, எசமானே?" கிழவி எழுந்து உட்கார்ந்தாள். "நமக்கு எல்லாம் கோணலாத்தானே தெரியும்னு குழந்தை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிச்சு. சாரத்துமேல மல்லாந்து கிடந்தவன் காதுல விழுந்திருக்கும். கோடு தவறாம இழுக்கக் கண்ணிடத்துலருந்து மேலவரைக்கும் நூல் பிடிக்கணுமாம். மறுநாள் அந்த நூல்முனை இந்தச் சல்லடைக்குள்ள வந்திச்சு. குழந்தை அதை ஆணியில கட்டல்லே. தன் கண்ணோரத்துல தானே பிடிச்சிக்கிட்டு உக்காந்திச்சு. வேலை முடியறவரைக்கும் தினமும்."

"பேசினார்களா?"

"ஒரு சொல் கிடையாது. அந்தப் பிள்ளை இந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. நிமிர்ந்து பார்த்தது அதோ, அந்தப் படத்துச் சுவர்ல மட்டுந்தான்."

"அன்று சபையில் என் மகள் ஏன் வாய் திறக்கவில்லை?"

"திறந்திச்சே! நான்தான் பொத்தினேன்." கிழவி உள்ளங்கையை நீட்டினாள். பல் பதிந்த வடு இன்னும் மறையவில்லை. "ஓடம் அக்கரை சேரல்லே, எசமானே. ஒரு கொம்பு ஊதச் சொல்லுங்க. திரும்பி வந்திடும்."

அவரைக் கல்நெஞ்சர் என்று ஏசுமுன், வாசகர்களே, அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"கொடுத்த வாக்கு ஒருபுறம் கிடக்கட்டும். என் மகள் பெயர் எவர் வாயிலும் விழக்கூடாதென்று அவன் தன் பெயரைப் புழுதியில் போட்டுவிட்டுப் போனான். நான் கொம்பு ஊதி அதை ஊர்வாயில் போடவா?"

"பேரு, பேரு! பேருக்காகவா பிள்ளை பெத்தீங்க?" என்று சீறினாள் உலகம்மை.

ராயர் ஆற்றை நோக்கிய சாளரத்தண்டை போய் நின்றார். ஆற்றின் மறுகரையில் தீவட்டிகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஓடம் சேர்ந்துவிட்டது. கடைசித் தீவட்டி தோப்புக்குள் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு அவர் கீழே இறங்கினார்.

"வெள்ளையடிக்க வேண்டாம்" என்றார் கொத்தனிடம். "அந்த மாடத்துச் சல்லடையைக் கல் வைத்து அடைத்துவிடு. ஊசி நுழையும் இடுக்குக்கூட இருக்கக்கூடாது."

"படம் இப்படியே கோணலா இருக்கவாங்க, மகாராஜா? வர்றவங்க போறவங்க சிரிப்பாங்களே!"

ராயர் உடைவாளை உருவி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"சிரிக்கட்டும். என் உடலில் உயிர் உள்ளவரை இந்த ஆசனத்தில், இந்த விதானத்தின் கீழேதான் கொலுவிருப்பேன். எவர் சிரித்தாலும் ஏனென்று கேட்கமாட்டேன். எழுதியவனைக் குறைசொல்ல எவரையும் விடமாட்டேன். கோணலாக எழுதச் சொன்னவன் நானே என்பேன். என் குலத்தின்மேல் ஆணை!"

பிறகு அவரே குனிந்து முதல் கல்லை எடுத்தார்.